ஓப்பன்டபிள்யூஆர்டி

ஓப்பன்டபிள்யூஆர்டி என்பது ரவுட்டர் எனப்படும் வைஃபை திசைவிகளுக்காக உருவாக்கப்பட்ட, லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளம் ஆகும். திசைவியைத் தயாரித்த நிறுவனம் பதிந்து கொடுத்த நிலைப்பொருளை நீக்கிவிட்டு அதன் இடத்தில் இது நிறுவப்படுகிறது. நிலைப்பொருள் என்பது ஒரு கருவியின் பிளாஷ் நினைவகத்தில் பதியப்பட்டு, மின்சாரம் வந்தவுடன் அக்கருவியை இயக்கத் தொடங்கும் மென்பொருளைக் குறிக்கும். 2004 சனவரியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே பேணி வருகின்றனர். விலை குறைந்த ஒரு திசைவி எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும் என்பதை அதை விற்ற நிறுவனம் மட்டுமே தீர்மானித்து வந்த நிலையை இது மாற்றியது.

வரலாறு

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்னும் வீட்டுத் திசைவியை வெளியிட்டது. திட்டத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகள் இந்தத் திசைவியிலிருந்து வந்தவையே. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. அதே ஆண்டு சூன் மாதத்தில், இத்திசைவியின் நிலைப்பொருளில் லினக்ஸ் கரு உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்கள் இருப்பதை லினக்ஸ் நிரலாளர்கள் சுட்டிக் காட்டினர். அம்மென்பொருள்கள் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியானவை. அவற்றைக் கருவியில் வைத்து விற்பவர், வாங்கியவருக்கு மூலநிரலையும் தரவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நிபந்தனை. சில வாரங்களில் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி அந்நிரலிலிருந்தே பிறந்தது. பின்னர் அதன் பெரும்பகுதி புதிதாக எழுதப்பட்டது.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. உரிம நிபந்தனைகள் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை எனக் கூறி, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன.

தொடக்ககாலப் பதிப்புகளுக்கு மதுக் கலவைகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. கட்டளை வரியில் நுழைந்தவுடன் அக்கலவையின் செய்முறையும் திரையில் தோன்றும். 2016 மே மாதத்தில் உருவாக்குநர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து லீட் என்ற திட்டத்தைத் தொடங்கினர். 2018 சனவரியில் இரண்டும் மீண்டும் இணைந்தன.

வன்பொருளும் அதன் வரம்புகளும்

திசைவி என்பது சிறு கணினியே. அதில் செயலி, தற்காலிக நினைவகம், பிளாஷ் நினைவகம், வானொலிச் சில்லு ஆகியவை உள்ளன. முதல் டபிள்யூஆர்டி54ஜி திசைவியில் 4 மெகாபைட் பிளாஷ் நினைவகமும் 16 மெகாபைட் தற்காலிக நினைவகமும் இருந்தன. 2005இல் வந்த ஐந்தாம் வடிவத்தில் இவை முறையே 2, 8 மெகாபைட்டாகக் குறைக்கப்பட்டு, லினக்சுக்குப் பதிலாக விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம் வைக்கப்பட்டது. பழைய வடிவத்தை விரும்பியவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் லினக்ஸ் திசைவி தனியாக விற்கப்பட்டது.

இன்றைய மலிவுத் திசைவிகளில் ஒன்றான சியோமி ஏஎக்ஸ்3000டி, மீடியாடெக் சில்லுடன் 128 மெகாபைட் பிளாஷ் நினைவகமும் 256 மெகாபைட் தற்காலிக நினைவகமும் கொண்டது. எனினும் குறைந்த நினைவகமுள்ள பழைய கருவிகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. 4 மெகாபைட் பிளாஷ், 32 மெகாபைட் தற்காலிக நினைவகம் கொண்ட திசைவிகளுக்கு உகந்த கடைசி வரிசை 19.07 ஆகும். அவ்வரிசைக்கான இற்றைப்படுத்தல்கள் 2022இல் நின்றுவிட்டன. அத்தகைய கருவியில் இதை நிறுவுவதில் இப்போது பயனில்லை.

நினைவகத்தைவிட முக்கியமானது சில்லின் வகை. வானொலிச் சில்லை இயக்கும் இயக்கி மென்பொருளின் மூலநிரல் கிடைத்தால்தான் புதிய லினக்ஸ் கருவுக்கு அதை மாற்றியெழுத முடியும். பிராட்காம் சில்லுகளுக்கு நெடுங்காலம் மூடிய இயக்கிகளே கிடைத்ததால், அவற்றைக் கொண்ட திசைவிகள் பழைய 2.4 கருவிலேயே தங்கிவிட நேர்ந்தது. மீடியாடெக் சில்லுகளுக்கான எம்டி76 இயக்கி லினக்ஸ் கருவிலேயே இடம்பெற்றுள்ளது. இன்று பரிந்துரைக்கப்படும் மலிவுத் திசைவிகள் பலவற்றில் அச்சில்லு இருப்பதற்கு இதுவே காரணம். ஆயினும் வானொலிச் சில்லின் உள்ளே ஓடும் சிறு நிரல் பெரும்பாலும் மூடியதாகவே உள்ளது; ஆகவே கருவி முழுவதும் கட்டற்றது என்று கூற இயலாது.

கட்டமைப்பு

பிளாஷ் நினைவகம் இரு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. முதற்பகுதியில் இயங்குதளம் சுருக்கப்பட்டு, படிக்க மட்டும் இயலும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இருக்கும். பயனர் செய்யும் மாற்றங்கள் இரண்டாம் பகுதியில் எழுதப்பட்டு, முதற்பகுதியின் மேல் ஒரு மெல்லிய தாளைப் போலப் படிந்திருக்கும். அமைப்புகளைக் குழப்பிவிட்டவர் மேல்தாளை அழித்தால் போதும், அடியில் உள்ள மூல நிலை அப்படியே திரும்பும்.

கூடுதல் மென்பொருள்கள் பொதிகளாக நிறுவப்படுகின்றன. இதற்கு நெடுங்காலம் ஓபிகேஜி என்ற பொதி மேலாளர் பயன்பட்டது. 2024 நவம்பரில் திட்டத்தின் வளர்ச்சிக் கிளை ஏபிகே என்ற மேலாளருக்கு மாறியது. லூசி என்னும் இடைமுகத்தின் வழியாக உலாவியிலிருந்தே அமைப்புகளை மாற்றலாம்.

நிறுவுதல்

முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் மேல் உள்ள பெயரை அன்று, அடிப்பகுதியில் ஒட்டியுள்ள சீட்டில் உள்ள வன்பொருள் வடிவ எண்ணை. ஒரே பெயரில் வேறு வேறு சில்லுகள் விற்கப்படுகின்றன. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் திசைவியின் 12ஆம் வடிவம் வரை ஏதெரோஸ் வழிவந்த சில்லுகளும், 13ஆம் வடிவத்தில் மீடியாடெக் சில்லும் இருந்தன. ஒன்றுக்கான கோப்பு மற்றொன்றில் இயங்காது.

சில திசைவிகளில், நிறுவனத்தின் இற்றைப்படுத்தல் பக்கத்திலேயே புதிய கோப்பை ஏற்றிவிடலாம். கியூடி நிறுவனம் தன் திசைவிகள் பலவற்றுக்கு, தானே கையொப்பமிட்ட இடைநிலைக் கோப்பை வழங்குகிறது. சியோமி ஏஎக்ஸ்3000டி திசைவியிலோ தொழிற்சாலை நிலைப்பொருளில் உள்ள ஒரு பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தியே உள்ளே நுழைய வேண்டியுள்ளது. விலை கொடுத்து வாங்கியவர் தன் கருவியின் பூட்டைத் தானே உடைக்க வேண்டிய விந்தை இது.

நிறுவும்போது கணினியைக் கம்பி வழியாக இணைத்திருத்தல் வேண்டும். வழக்கமான பதிப்புகளில் வைஃபை தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும். திசைவியின் முகவரி பொதுவாக 192.168.1.1 ஆகும். கடவுச்சொல் ஏதும் இராது என்பதால் அதை அமைப்பதே முதல் வேலை.

மீட்டெடுத்தல்

எழுதும்போது மின்சாரம் போனாலும், தவறான கோப்பை ஏற்றினாலும் திசைவி தொடங்காமல் போகலாம். இந்நிலையைப் பயனர்கள் செங்கல்லாதல் என்பர். எனினும் பூட்லோடர் எனப்படும் தொடக்க நிரல் சேதமடையாத வரை கருவியை மீட்க வாய்ப்புண்டு. டிபி-லிங்க் திசைவிகள் சிலவற்றில் மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், தொடக்க நிரல் 192.168.0.66 என்ற முகவரியில் உள்ள கணினியிடம் புதிய கோப்பைக் கேட்கும். அதுவும் பலிக்காதபோது மேலுறையைத் திறந்து, மின்சுற்றுப் பலகையில் உள்ள சீரியல் முனைகளில் கம்பி இணைக்க வேண்டியிருக்கும்.

2024 நவம்பரில் வெளியான ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற திசைவி இவ்வச்சத்தைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. இரு தனித்தனிப் பிளாஷ் நினைவகங்கள் அதில் உள்ளன. ஒன்று கெட்டால் ஒரு நிலைமாற்றியைத் தள்ளி மற்றொன்றிலிருந்து கருவியைத் தொடங்கலாம்.

பயன்கள்

பலர் இணைப்பைப் பகிரும் வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மற்றவரின் குரலழைப்பு தடைபடுவதுண்டு. தரவுப் பொதிகள் திசைவியின் இடையகத்தில் நீண்ட வரிசையில் காத்திருப்பதே இதற்குக் காரணம். 2012இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்ட எஃப்கியூ-கோடெல் என்ற வரிசைமுறை இத்தாமதத்தைப் பெரிதும் குறைத்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் மீது கட்டப்பட்ட செரோடபிள்யூஆர்டி திட்டம் இம்முறையின் சோதனைக் களமாக விளங்கியது. செருமனியின் ஃப்ரைஃபுங்க் சமூக வலையமைப்புகளும் இவ்வியங்குதளத்தின் வழிவந்த நிலைப்பொருளையே பயன்படுத்துகின்றன. மறுபுறம், தொழிற்சாலை நிலைப்பொருளில் சில்லே நேரடியாகச் செய்த வேலைகள் சில திசைவிகளில் செயலியின் மேல் விழுவதால் வேகம் குறைவதும் உண்டு.

பாதுகாப்பு

2018 மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளைப் பாதித்திருந்தது கண்டறியப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டுத் திசைவிகளும் சிறு அலுவலகத் திசைவிகளும் ஆகும். இற்றைப்படுத்தல் நின்றுபோன கருவி வெளிப்பார்வைக்கு வழக்கம்போல் இயங்குவதால் அதன் உரிமையாளருக்கு ஆபத்து தெரிவதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியும் குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. பதிவிறக்கிய பொதியின் சரிபார்ப்பைத் தவறவிடும் பிழை ஒன்று ஓபிகேஜி மேலாளரில் இருந்தது 2020இல் தெரியவந்து திருத்தப்பட்டது. திருத்தம் வெளியானாலும் அதைப் பயனரே நிறுவ வேண்டும்.

அலைவரிசை விதிகள்

வைஃபை அலைகளின் வலிமைக்கு ஒவ்வொரு நாடும் வரம்பு விதித்துள்ளது. நிலைப்பொருளை மாற்றுவோர் அவ்வரம்பை மீறக்கூடும் என்ற அச்சத்தில், அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் விதிகள் மாற்று நிலைப்பொருளையே தடுத்துவிடும் என்ற கவலை 2015இல் எழுந்தது. 2016 ஆகத்து மாதத்தில், வலிமை வரம்பை மீறி இயங்கக்கூடிய திசைவிகளை விற்றது தொடர்பாக டிபி-லிங்க் நிறுவனம் அவ்வாணையத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. அதன்படி 2 இலட்சம் டாலர் செலுத்தவும், மாற்று நிலைப்பொருளை நிறுவுவதற்கு வழிசெய்யும் வகையில் கட்டற்ற மென்பொருள் சமூகத்துடன் இணைந்து பணியாற்றவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.