பழைய படங்களைப் பிரதியெடுக்க எந்த முக்காலி?

இடம்பெயர்வுகளில் கூடவே வந்த காணி உறுதிகளையும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் ஒரேயொரு படத்தையும் பிரதியெடுத்துத் தரும்படி பலர் என்னிடம் கேட்கிறார்கள். கைத்தொலைபேசியே போதும். ஆனால் கிட்ட வைத்து எடுக்கையில் கையின் சிறு நடுக்கமும் முகத்தைக் கலக்கிவிடும். அதனால் முக்காலி வேண்டும்.

காசு குறைவென்றால் உயரத்துக்குச் செலவழிக்காதீர்கள். நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டக்கூடியதை வாங்குங்கள். அப்போதுதான் தொலைபேசி கால்களுக்கு நடுவே நின்று கீழே நேராகப் பார்க்கும். அதைப் பிடிக்கும் கவ்விக்கு வழமையான 1/4 அங்குலத் திருகாணி பொருந்தும். மெல்லிய கால்களென்றால் மணல் நிரப்பிய சிறு பைகளைக் கட்டலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

படம் வைக்கும் இடத்தில் முதலில் முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். திரையின் நடுவில் லென்ஸ் தெரிந்தால் கோணலில்லை. பிளாஷ் வேண்டாம், பக்கவாட்டு யன்னல் வெளிச்சம் நல்லது. 2 செக்கன் டைமரில் எடுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடேயே எடுத்துவிடுங்கள்.