இறுகிய எரிவாயுப் படிவுகளில் திரவச் சேதம்

இறுகிய எரிவாயுப் படிவுகளில் திரவச் சேதம் என்பது, ஊடுருவுதிறன் மிகக் குறைந்த பாறைக்குள் திரவங்கள் தங்கி, வாயு வெளியேறும் நுண்வழிகளை அடைத்துவிடும் நிலை. கிணறு தோண்டப் பயன்படும் சேறு, பாறையைப் பிளக்கச் செலுத்தும் நீர்மம், துப்புரவுக்கு ஊற்றும் அமிலம் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. வாயுவிலிருந்தே பிரியும் எண்ணெய்த் திரவமும் இதே விளைவைத் தரும்.

ஊடுருவுதிறனின் அலகு டார்சி. மணல் வழியே நீர் பாயும் விதியை 1856-இல் வெளியிட்ட பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சியின் பெயரால் அது வழங்குகிறது. 0.1 மில்லிடார்சிக்கும் குறைந்த ஊடுருவுதிறன் உள்ளவற்றை இறுகிய படிவு என்பது அமெரிக்காவில் தொடங்கிப் பரவிய வழக்கு. இவற்றில் நீரியல் விரிசல் முறையால் பாறையைப் பிளந்தால்தான் பெரும்பாலும் வணிக அளவில் வாயு கிடைக்கும். அப்படிப் பிளக்கச் செலுத்தும் நீர்மமே அடைப்புக்கும் காரணமாவது இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

காரணங்கள்

நீர்த்தடை: நீரைத் துளையில் பிடித்துவைக்கும் நுண்புழை அழுத்தம், துளையின் ஆரம் குறையக் குறைய உயரும். அறை வெப்பநிலையில், நீர் நன்கு ஒட்டும் 10 மைக்ரோமீட்டர் ஆரத் துளையில் அது சுமார் 0.14 வளிமண்டல அழுத்தம், 0.1 மைக்ரோமீட்டர் துளையில் சுமார் 14. படிவின் வெப்பத்தில் பரப்பு இழுவிசை குறைவதால் இரண்டு எண்களும் இறங்கும். ஆனால் நூறு மடங்கு வேறுபாடு அப்படியே இருக்கும். மேலும், பல இறுகிய படிவுகளில் பாறை பிடித்துவைக்கக்கூடிய அளவைவிட இயற்கையாகவே நீர் குறைவு. எனவே வெளிநீர் பட்டதும் பாறை அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

களிமண் கோளாறு: பாறையிலுள்ள நீரின் உப்புச்செறிவைவிட மிகக் குறைந்த செறிவுள்ள நீர் புகுந்தால் ஸ்மெக்டைட் என்னும் களிமண் வீங்கும்; கயோலினைட், இல்லைட் களிமண் துகள்கள் பிரிந்து நகர்ந்து துளைவாய்களில் சிக்கும். குளோரைட் களிமண் உள்ள பாறையில் ஐதரோகுளோரிக் அமிலம் இரும்பைக் கரைக்கும். அமிலம் வலுவிழந்ததும் அந்த இரும்பு ஐதராக்சைடாகப் படியும்.

கூழ் எச்சம்: விரிசலுக்குள் மணலைச் சுமந்து செல்ல நீர்மத்தைக் குவார் பிசினால் கெட்டியாக்குவர். பணி முடிந்தபின் கூழை உடைத்தாலும் கரையாத எச்சம் விரிசலிலும் அதன் சுவரிலும் தங்கும்.

எண்ணெய்த் திரவம்: கிணற்றடி அழுத்தம் வாயுவின் பனிநிலை அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால், வாயுவின் கனமான கூறுகள் திரவமாகிக் கிணற்றைச் சுற்றித் தேங்கும்.

கண்டறிதலும் தடுப்பும்

கிணற்றை மூடி அழுத்தம் ஏறும் போக்கைப் பதிவுசெய்து சேதத்தைக் கணிப்பர்; பாறை உள்ளக மாதிரிகளில் திரவத்தைச் செலுத்தி, ஊடுருவுதிறனின் இழப்பை ஆய்வகத்தில் அளப்பர். அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீபன் ஹோல்டிச் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, படிவுக்கும் கிணற்றுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, சேதமுற்ற பகுதியின் நுண்புழை அழுத்தத்தை விஞ்சாதபோதுதான் முழு நீர்த்தடை நேரும் எனக் காட்டியது.

பொட்டாசியம் குளோரைடு கலந்த நீர் களிமண்ணை அடக்கும். மெத்தனாலும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் வேதிப்பொருள்களும் நீர் வெளியேற உதவும். நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு நுரையைப் பயன்படுத்தினால் பாறைக்குள் செல்லும் நீரே குறையும். பிசினின் அளவைக் குறைப்பதும், நொதிகளால் கூழை உடைப்பதும் எச்சத்தைக் கட்டுப்படுத்தும்.

இந்தியாவில்

ராஜஸ்தானின் பார்மர் படுகையில் 2003-இல் கண்டறியப்பட்ட ராகேஸ்வரி ஆழ் எரிவாயு வயல், சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் எரிமலைப் பாறைகளில் அமைந்த இறுகிய படிவு; அங்கு நீரியல் விரிசல் முறையில் வாயு எடுக்கப்படுகிறது. மேலே சொன்ன பிசினைத் தரும் குவார், நம் கொத்தவரைச் செடியே. உலக விளைச்சலில் சுமார் 80 விழுக்காடு இந்தியாவுடையது. அதில் பெரும்பங்கு ராஜஸ்தானுடையது. அமெரிக்க எரிவாயுக் கிணறுகளின் தேவையால் விலை தாறுமாறாக ஏறியதால், 2012 மார்ச்சில் குவார் முன்பேர வணிகம் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டது.

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. 1964-இல் காரைக்காலில் துளையிடத் தொடங்கியது. அப்படுகையின் ஆழமான ஆண்டிமடம் படிவத்தில் ஊடுருவுதிறன் குறைந்த மணற்கற்கள் உள்ளன. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020 டெல்டா பகுதியில் எண்ணெய், இயற்கை எரிவாயுவுக்கான புதிய ஆய்வையும் துளையிடுதலையும் தடைசெய்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளுக்கு அத்தடை பொருந்தாது.