ஆறு புள்ளிகளும் இரு கைகளும்
பார்வையற்றோர், கேளாதோர் கல்வியின் வரலாறு

ஆகாரம், ஔஷதம், அபயம், சாத்திரம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் சாத்திரதானத்திற்கு அவர்கள் அளித்த இடம் பெரிது. ஓலைச்சுவடிகளைப் படியெடுப்பித்து, கற்கும் ஆர்வமுடையோர்க்கு வழங்குவதை இல்லறத்தார் தம் கடமையாகவே கருதினர். ஆயின், கையில் வழங்கப்பட்ட ஏட்டைக் கண்ணால் காண இயலாதவர் என் செய்வார்? அறவுரை நிகழும் அவையில் முன்வரிசையில் அமர்ந்தும் ஒரு சொல்லும் செவியில் விழாதவர் என் செய்வார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றை இம்மலரின் வாயிலாகச் சுருக்கமாக நினைவுகூர்வோம். உதவியோரின் பெருமையை மட்டும் கூறும் வரலாறன்று இது. உதவி பெறுவோரைக் கேளாமல் செய்யப்பட்ட உதவி எவ்வாறு தீங்காய் முடிந்தது என்பதையும் இது கூறுகிறது.

பாரிசில் தோன்றிய இரு பள்ளிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், செல்வர் வீட்டுக் கேளாப் பிள்ளைகள் சிலர்க்குத் தனி ஆசிரியர் வாய்த்ததுண்டு. ஏழைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1760ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் தெ லெப்பே என்னும் பாதிரியார் (1712–1789) கேளாத பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, கட்டணமின்றிக் கற்பித்தார். அந்நகரத்துக் கேளாதோர் தமக்குள் கைகளால் பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டுமாயின் அவர்களிடமிருந்து தாம் முதலில் கற்க வேண்டும் என உணர்ந்தார். அச்சைகைகளோடு பிரெஞ்சு இலக்கணத்திற்கு ஏற்பத் தாமும் சிலவற்றைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். அவர் மறைந்தபின், 1791இல் பிரெஞ்சு அரசு அப்பள்ளியின் பொறுப்பை ஏற்றது. அங்கே பயின்ற லோரான் கிளெர்க் என்னும் கேளாத ஆசிரியர் 1816இல் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரில் தாமஸ் கல்லாடெட் தொடங்கிய பள்ளிக்கு அவரே தூணாய் நின்றார்.

அதே பாரிசில் வாலென்டின் ஹவுய் (1745–1822) என்பவர் 1771இல் ஒரு சந்தையில் கண்ட காட்சி அவர் வாழ்வையே மாற்றியது. பார்வையற்றோர் சிலர்க்குக் கோமாளி வேடமிட்டு, கையில் இசைக்கருவிகளைக் கொடுத்து, கூட்டத்தார் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தனர். இவர்களைப் படிக்க வைப்பேன் என உறுதி பூண்ட அவர், 1784இல் பிச்சையெடுத்து வாழ்ந்த ஓர் இளைஞரைத் தம் முதல் மாணவராக ஏற்றார். அடுத்த ஆண்டில் பார்வையற்றோர்க்கான பள்ளி உருப்பெற்றது. கண்ணுள்ளோர் படிக்கும் எழுத்துகளையே தடித்த தாளில் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தார் ஹவுய். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் நூல்கள் பெருத்துக் கனத்தன. ஓர் எழுத்தின் வளைவு நெளிவுகளை விரல் தேடி அறிவதற்கு நெடுநேரம் பிடித்தது. அம்முறையில் மாணவர் தாமே எழுதுவதோ அரிதினும் அரிது.

சிறுவன் கண்ட வழி

1809இல் கூவ்ரே என்னும் சிற்றூரில் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் லூயி பிரெய்ல். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய குத்தூசி கண்ணில் பட்டது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதிற்குள் பார்வை முற்றும் போயிற்று. 1819இல், பத்து வயதில், ஹவுய் நிறுவிய பள்ளியில் சேர்ந்தார்.

சார்ல் பார்பியே என்னும் முன்னாள் படைத்தலைவர் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்ட ஒரு குறிமுறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். எழுத்தின் வடிவைக் கைவிட்டுப் புள்ளியைப் பயன்படுத்தியது அதன் சிறப்பு. ஆனால் விரல்நுனி ஒரே தொடுதலில் உணரும் அளவைக் கடந்து அது நீண்டிருந்தது. ஒலியை மட்டும் குறித்ததால் எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிக்கும் அதில் இடமில்லை. இக்குறைகளை விரலால் படித்தவரே அறிய முடியும். பிரெய்ல் அறிந்தார். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். அவ்வாறு புள்ளிகளிலிருந்து 63 வடிவங்கள் பிறந்தன. பதினைந்து வயதிலேயே முறையின் அடிப்படையை அமைத்துவிட்ட அவர், 1829இல் அதனை நூலாக வெளியிட்டார்.

மாணவர்கள் அம்முறையை விரும்பிக் கற்றனர். நிருவாகமோ தயங்கியது. கண்ணுள்ள ஆசிரியர்க்குப் புரியாத எழுத்து பார்வையற்றோரை உலகினின்று பிரித்துவிடும் என்பது எதிர்த்தோர் வாதம். பள்ளியின் தலைவர் ஒருவர் அதனைத் தடையும் செய்தார். ஆயினும் பிள்ளைகள் மறைவாக அதனைப் பயன்படுத்தி வந்தனர். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், பொதுமக்கள் முன்னிலையில் அதன் பயன் மெய்ப்பிக்கப்பட்டது. பிரெய்ல் 1852இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்தே பிரான்சு அவர் முறையை முறைப்படி ஏற்றது.

தமிழுக்கு வந்த புள்ளிகள்

1890களில் பாளையங்கோட்டையில் கிறித்தவ மறைப்பணியாளரான ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் கேளாதோர்க்கும் கல்விப்பணி ஆற்றினர். தமிழகத்தில் இத்துறையின் முன்னோடிகளாக அவ்விருவரையும் போற்றுதல் தகும். ஆனால் இந்தியாவின் பல பகுதிகளிலும் பள்ளிகள் தத்தமக்கு ஏற்ற புள்ளிமுறைகளை வகுத்துக்கொண்டதால் ஒரு புதிய இடர் எழுந்தது. ஓரிடத்தில் அச்சிட்ட நூலை மற்றோரிடத்து மாணவர் படிக்க இயலவில்லை.

விடுதலைக்குப்பின் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோவிடம் கொண்டுசென்றது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கிளூதா மெக்கன்சி. 1915இல் கலிப்பொலி போரில் பார்வையிழந்த அவர், இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக டேராடூனில் அமைந்த இல்லத்தையும் நடத்தியவர். பாரிசிலும் பெய்ரூட்டிலும் நடந்த கலந்தாய்வுகளின் பயனாக, 1951இல் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை உருவாயிற்று.

அதன் அடிப்படை எளியது. ஒத்த ஒலிக்கு இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே புள்ளிவடிவம். தமிழ் ககரமும் இந்திக் ககரமும் விரலுக்கு ஒன்றே. கூடுமானவரை உலகப் பொதுமுறையோடும் அவை ஒத்துச் செல்கின்றன. 'கொ' என்பதைக் கண்ணுக்கு எழுதுகையில் ககரத்தின் இருபுறமும் குறியிடுகிறோம். பிரெய்லில் ககரத்தை அடுத்து ஒகரம் வரும். ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்தும் அமைகிறது. மெய்யெழுத்தின் புள்ளியோ எழுத்திற்கு முன்னரே வந்து, அடுத்து வருவது மெய் என விரலுக்கு அறிவித்துவிடுகிறது.

மிலான் அளித்த பாடம்

பார்வையற்றோர் கல்வி இவ்வாறு வளர்ந்த காலத்தில், கேளாதோர் கல்வி பெரும் பின்னடைவைக் கண்டது. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியது. சைகையை விலக்கி, உதடசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக்கும் முறையே சிறந்தது என அது தீர்மானித்தது. வாக்களித்தோருள் ஏறத்தாழ அனைவரும் செவிப்புலன் உடையோர். அமெரிக்கப் பேராளர்களும் மிகச் சிலருமே எதிர்த்தனர். விளைவாக, பல நாடுகளில் வகுப்பறைகளில் சைகை தடுக்கப்பட்டது. கேளாத ஆசிரியர்கள் பணியிழந்தனர். பிள்ளைகள் பாடப்பொருளைக் கற்க வேண்டிய ஆண்டுகளைத் தாம் கேட்டறியாத ஒலிகளைப் பழகுவதிலேயே கழித்தனர்.

அத்தீர்மானத்தை இயற்றியோர் தீயோர் அல்லர். நன்மை செய்வதாகவே எண்ணினர். பிரெய்லுக்கு எதிராக எழுந்த அதே வாதமே இங்கும் எழுந்தது: பெரும்பான்மையோர்க்குப் புரியாத வழி வேண்டா என்பது. அங்கே மாணவரின் விரல்கள் வென்றன. இங்கே கைகள் கட்டப்பட்டன. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அறிஞர், சைகைமொழி தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழியே என ஆய்ந்து காட்டினார். மிலான் தீர்மானங்களுக்குப் பன்னாட்டுக் கேளாதோர் கல்வி மாநாடு வருத்தம் தெரிவித்ததோ 2010இல்தான். நம் நாட்டில் இந்தியச் சைகைமொழிக்கான ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் தில்லியில் நிறுவப்பெற்றது. 3,000 சொற்களைக் கொண்ட அதன் அகராதி 2018இல் வெளிவந்தது.

செவிவழிக் கற்ற பேரறிஞர்

நம் சமயத்தவர் அனைவரும் அறிய வேண்டிய பெயர் பண்டித சுக்லால்ஜி சங்க்வி (1880–1978). குஜராத்தில் பிறந்த அவர், பதினாறு வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தார். காசி சென்று வடமொழியும் தருக்கமும் செவிவழியே கற்றார். பிறர் வாசிக்கக் கேட்டு, நினைவில் நிறுத்தி, சொல்லி எழுதுவித்தே நூல்கள் படைத்தார். சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கத்தைப் பேச்சர்தாஸ் தோஷியுடன் இணைந்து பதிப்பித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜைன தத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1958இல் சாகித்திய அகாதெமி விருதும், 1974இல் பத்ம பூஷண் விருதும் அவரை நாடி வந்தன.

அவர்தம் அறிவாற்றல் அரிது. அதே வேளையில், அவருக்காக நாள்தோறும் வாசித்தவர்களின் தொண்டையும் மறத்தல் ஆகாது. வாசிப்போர் வாய்க்காமையால் அறிவு முளையிலேயே கருகியவர் எத்தனை பேரோ!

நம் கடமை

பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2014இல் அதனை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டம் வழிவிட்டுள்ளது, செய்ய வேண்டியது நாம். நம் நூல்களைத் திருத்தமாக வாசித்து ஒலிப்பதிவு செய்தலும், பிரெய்லில் அச்சிட்டு வழங்குதலும் இக்காலத்துச் சாத்திரதானம். பார்வையற்ற மாணவர் விடை சொல்ல, தேர்வில் உடனமர்ந்து எழுதித் தருதலும் அத்தகையதே. நம் விழா மேடைகளில் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் நிற்பதும், உரையின் சுருக்கத்தை முன்னதாகவே அச்சிட்டு அளிப்பதும் அரிய செயல்கள் அல்ல. முதுமையால் செவி மங்கிய பெரியோர் ஒவ்வொரு குடும்பத்திலும் உள்ளனர். ஒன்றும் கேளாமல் பிறர் முகம் பார்த்துத் தலையசைக்கும் அவர்தம் தனிமை, நாம் அவர்க்கு எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசுவதாலேயே பெரிதும் குறையும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஆற்ற வேண்டியது ஒன்றுண்டு. தங்களுக்கு எது வேண்டும் என்று அவர்களையே கேட்டல். பார்பியேயின் பன்னிரண்டு புள்ளிகளைத் திருத்தியது ஒரு பார்வையற்ற சிறுவனின் விரல். மிலானில் பிழை நேர்ந்தது, அவைக்கு வெளியே இருந்த கைகளை எவரும் கேளாமையால். வரும் ஆண்டு விழாவிற்கான முதற்கூட்டத்தில் நம் சமூகத்துப் பார்வையற்றோரும் கேளாதோரும் உடனமர்ந்து கருத்துரைப்பாராயின், இம்மலர் வெளிவந்ததன் பயன் நிறைவுறும்.