ஆக்ஸிஜன் குழாய் உரசும் இடத்தில் புண் வராமலிருக்க...

நுரையீரல் நோய் காரணமாக வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். காது வலிக்கிறது, மூக்கு எரிகிறது என்று அவர்கள் குழாயைக் கழற்றி வைத்துவிடுவதுதான் நமக்குக் கவலை. கழற்றிய நேரத்தில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு இறங்கிவிடலாம்.

அதிகம் பாதிக்கப்படுவது காதின் பின்புற மடிப்பு. மூக்குக்கண்ணாடியும் போட்டு, அதன்மேல் முக்காட்டையும் இறுக்கினால் அழுத்தம் கூடும். குழாயின் அந்தப் பகுதியில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிவிடலாம். இதற்கென்றே ஃபோம் உறைகளும் விற்கிறார்கள். தாடைக்குக் கீழுள்ள வளையத்தை இறுக்கமாக மேலேற்றாதீர்கள். இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

ஒளுச் செய்தபின் குழாயின் அடியில் ஈரம் தங்கும். நாளுக்குப் பலமுறை இப்படி ஊறும் தோல் எளிதில் உரியும். மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒளுவுக்காகக் குழாயைச் சற்று எடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கூடாது என்று அவர் சொன்னால், மார்க்கத்தில் உள்ள சலுகையை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மூக்கு காய்ந்தால் உடனே தேங்காய் எண்ணெய், வாசலின் தடவுவது நம் வீட்டு வழக்கம். இங்கே அது ஆபத்து. ஆக்ஸிஜன் சூழ்ந்த இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பற்றும். அத்தரும் எண்ணெய்ப் பசைதான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல், சலைன் சொட்டு மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் ஓடினால், ஈரப்பதம் தரும் தண்ணீர் பாட்டிலை இணைக்கச் சொல்வார்கள். அதில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது; டிஸ்டில்டு வாட்டர் நல்லது. சாம்பிராணி, அடுப்பு, பீடி எதுவும் அருகில் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

மூக்கில் செருகும் முனைகளை அடிக்கடி சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள். பழைய குழாய் விறைத்துப்போய் அறுக்கும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதியது மாற்றச் சொல்கிறார்கள்.

காலையும் இரவும் காதின் பின்புறம், கன்னம், மூக்குத் துவாரம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் அழுத்தப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடோ கடினமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். தோல் உரிந்தாலோ, சீழ் வைத்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை குழாயை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆக்ஸிஜன் அளவையும் மாற்ற வேண்டாம்.