பெசுட் முகாம் (2011)

மலேசியாவின் திரெங்கானு மாநிலத்திலுள்ள பெசுட்டில் 2011 ஏப்ரலில் நடந்த, நான்கு நாள் நன்னடத்தை முகாம். நடையிலும் பேச்சிலும் 'பெண்மைச் சாயல்' கொண்டவர்கள் என ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய, 13 முதல் 17 வயது வரையான 66 மாணவர்களை மாநிலக் கல்வித் துறை இங்கு அனுப்பியது. உடற்பயிற்சியும் சமய போதனையும் அளிக்கப்பட்டன.

விவாதம்: மாணவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களின் எதிர்காலத்துக்காகவே வழிகாட்டுகிறோம் என்றனர் அதிகாரிகள். முகாம் பிள்ளைகளின் மனநலத்தைப் பாதிக்கும், 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்துக்கு முரணானது, அதைக் கைவிட வேண்டும் என்றார் அன்றைய மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சர் ஷரிசாட் அப்துல் ஜாலில். இரு தரப்பும் குழந்தை நலனையே முன்வைத்தன.

ஒப்பீடு: குழந்தையின் நலன் எது என்ற இதே கேள்வி தமிழ்நாட்டில் மருத்துவமனையில் எழுந்தது. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை 'இயல்பாக்கும்' அறுவை சிகிச்சை செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் கூறியது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அதைத் தடைசெய்து அரசு அவ்வாண்டே ஆணையிட்டது.

முக்கியத்துவம்: பிள்ளையைத் திருத்துவதா, கேலியிலிருந்து காப்பதா என்ற கேள்வியை பெசுட் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் எடுக்கும் எந்த முடிவிலும் பிள்ளையின் சொல்லுக்கு இடம் இருக்க வேண்டும்.