அளந்த தொலைவு

தடகள வரலாறு என்றதும் நாம் தேடிச் செல்வது பதக்கப் பட்டியல்களைத்தான். ஒலிம்பிக் ஆண்டுகள், வென்றோர் பெயர்கள், நொடிக் கணக்குகள் என அவை ஒழுங்காகவே இருக்கின்றன. நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு அதற்குப் புறத்தே இன்னொரு வரலாறும் உண்டு. பகலெல்லாம் அச்சகத்திலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு, விடியலிலும் அந்தியிலும் சாலையில் ஓடியவர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளால் ஆனது அது. இந்த வாரம் எத்தனை மைல், எந்தப் பந்தயத்தில் எத்தனையாவது இடம், முழங்கால் எப்போது வலித்தது, எதனால் தணிந்தது என்பன போன்ற எளிய குறிப்புகள். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவில் இக்குறிப்புகள் எவ்வாறு ஓர் அறிவுத்துறையாகத் திரண்டன என்பதை இங்குக் காண முயல்வோம்.

தொடங்குமுன், அவர்கள் எதை எதிர்த்து ஓடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளாரன்ஸ் டிமார் பாஸ்டன் பகுதியில் அச்சுக்கோக்கும் தொழில் செய்தவர். 1911இல் பாஸ்டன் மாரத்தானை முதன்முறையாக வென்றார். அவ்வாண்டே அவரைச் சோதித்த மருத்துவர், இதயத்தில் வேண்டாத ஒலி கேட்கிறது, ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்று எச்சரித்திருந்தார். கடும் ஓட்டம் இதயத்தைப் பெருக்கவைத்துக் கெடுத்துவிடும் என்பது அக்கால மருத்துவத்தின் பரவலான எண்ணம். டிமார் சில ஆண்டுகள் பாஸ்டன் பந்தயத்திலிருந்து விலகி இருந்தார். பிறகு மீண்டு வந்தார். 1922 முதல் 1930 வரை மேலும் 6 முறை வென்றார். கடைசி வெற்றியின்போது வயது 41. அவர் 1958இல் புற்றுநோயால் இறந்தபின் உடற்கூறாய்வு செய்யப்பட்டது. புகழ்பெற்ற இதயநோய் வல்லுநர் பால் டட்லி வைட்டும் ஜேம்ஸ் கரன்ஸும் 1961இல் வெளியிட்ட அறிக்கையின்படி, டிமாரின் இதயத் தமனிகள் வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரிந்திருந்தன. உயிரோடு ஐம்பது ஆண்டுகள் ஓடிக் காட்டியதை ஏற்காத மருத்துவ உலகம், மேசைமேல் கிடத்தப்பட்ட உடலைக் கண்டுதான் சற்று இணங்கியது.

டிமார் மறைந்த அந்த 1950களில் பாஸ்டன் மாரத்தானிலேயே ஓடுவோர் எண்ணிக்கை இருநூறை ஒட்டித்தான் இருந்தது. வளர்ந்த ஆண் ஒருவர் அரைக்காற்சட்டையுடன் நெடுஞ்சாலையில் ஓடினால் வேடிக்கை பார்த்தார்கள், கேலியும் செய்தார்கள். ஓர் ஊரில் ஓடுகிறவருக்கு அடுத்த ஊரில் ஓடுகிறவர் யாரென்றே தெரியாது. இந்தத் தனிமையை உடைக்க 1956இல் நியூ ஜெர்சியில் பிரவுனிங் ராஸ் என்பவர் ஒரு சிற்றிதழ் தொடங்கினார். 1948, 1952 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் தடைதாண்டும் நெடுந்தொலைவு ஓட்டத்தில் பங்கேற்றவர் அவர். இதழின் பெயர் 'லாங் டிஸ்டன்ஸ் லாக்', அதாவது நெடுந்தொலைவுக் குறிப்பேடு. எங்கெங்கோ நடந்த சிறு பந்தயங்களின் முடிவுகள், வரவிருக்கும் பந்தயங்களின் தேதிகள், வாசகர் கடிதங்கள், அவ்வளவுதான் உள்ளடக்கம். வென்றவர் பெயர் மட்டுமல்லாமல் கடைசியாக வந்தவர் பெயரும் அச்சேறியது. 1975 வரை இவ்விதழ் வந்தது. கைப்பணம் போட்டுச் சிற்றிதழ் நடத்துவது எத்தகைய வேலை என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விதழ் வழியே ராஸ் விடுத்த அழைப்பின் பேரில்தான், இங்கிலாந்தின் ரோடு ரன்னர்ஸ் கிளப்பை முன்மாதிரியாகக் கொண்டு, 1958இல் அமெரிக்க ரோடு ரன்னர்ஸ் கிளப் தோன்றியது. 1967இல் டாம் ஆஸ்லர் என்ற கணிதவியலாளர் எழுதிய சிறுநூல் ஒன்றையும் இவ்விதழே வெளியிட்டது. மெல்ல ஓடி அடித்தளம் அமைத்துக்கொண்ட பின்னரே வேகப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதும், மிகைப் பயிற்சியால் உடல் சோர்வதன் அடையாளங்களை ஓட்டக்காரரே கண்டறிந்து ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். ஆய்வுக்கூடம் எதிலும் அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. தம் உடலையும் உடன் ஓடியவர்களையும் கணிதக்காரரின் பொறுமையோடு பல ஆண்டுகள் கவனித்ததன் பயன் அது. 1969இல் ஜோ ஹெண்டர்சன் வெளியிட்ட மற்றொரு சிறுநூலும் இவ்வகையே. கடும் வேகப் பயிற்சியில் அடிபட்டுச் சலித்தபின் நிதானமாக நெடுந்தொலைவு ஓடத் தொடங்கியவர் அவர். தம்மையும் சேர்த்து ஆறு பேருடைய அனுபவங்களை அதில் எடுத்துவைத்தார். ஆறு பேரின் சான்றைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்று இன்றைய ஆய்வாளர் சொல்லக்கூடும். அது சரிதான். ஆனால் 'வலித்தால்தான் பலன்' என்றிருந்த பயிற்சியாளர் உலகில், மெதுவாக ஓடியும் முன்னேறினோம் என்று ஆறு பேர் துணிந்து எழுதியது பலருக்கு விடுதலையாக இருந்தது.

இனி இக்கட்டுரையின் நாயகருக்கு வருவோம். டெட் கார்பிட் 1919இல் தென் கரோலினாவில் பிறந்தவர்; அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், கறுப்பருடன் ஓட வெள்ளையர் மறுத்ததால் சில போட்டிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் நியூயார்க் வந்து, எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்ட ஹார்லெம் பகுதியின் நியூயார்க் பயனியர் கிளப்பில் இணைந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் ஓடினார். அவர் 44ஆவதாக வந்தார். அமெரிக்க அணிக்காக ஒலிம்பிக் மாரத்தான் ஓடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. தொழிலால் இயன்முறை மருத்துவர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நியூயார்க்கில் உடல் ஊனமுற்றோருக்கான மையத்தில் பணியாற்றினார். வேலைக்குப் பெரும்பாலும் ஓடியே போனார். மன்ஹாட்டன் தீவைச் சுற்றி 31 மைல் ஓடுவது அவருக்குப் பயிற்சி. சில நாள்களில் இரண்டு சுற்று. ஓடியதையெல்லாம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார்.

1958இல் நியூயார்க் ரோடு ரன்னர்ஸ் அமைப்பின் முதல் தலைவரானார் கார்பிட். அப்போது அவரை உறுத்திய வினா மிக எளியது. நாம் ஓடுகிற தொலைவு உண்மையில் எவ்வளவு? பாதைகளைக் காரின் மைல்மானியைக் கொண்டும் வரைபடத்தின்மேல் நூலை வைத்தும் அளந்துகொண்டிருந்த காலம் அது. பாஸ்டன் மாரத்தானே 1951 முதல் 1956 வரை ஆயிரம் கஜத்துக்கு மேல் குறைவாக இருந்தது பின்னர் தெரியவந்தது. இந்நிலையில் ஒருவர் 'இரண்டரை மணி நேரத்தில் மாரத்தான் ஓடினேன்' என்று எழுதினால் அதற்கு என்ன பொருள்? படிப்பவர் எதனோடு எதை ஒப்பிடுவார்? பகிர்வதற்கு முதலில் பொதுவான அளவுகோல் வேண்டும். கார்பிட் இங்கிலாந்தின் ஜான் ஜூவல் எழுதியவற்றை ஆராய்ந்து, தாமும் பல முறைகளைச் சோதித்து, 1964இல் சாலைப் பாதைகளை அளப்பது பற்றிய கையேட்டை வெளியிட்டார்.

அவர் பரிந்துரைத்த முறை மிதிவண்டி முறை. முதலில் எஃகு நாடாவால் துல்லியமாக அளந்த ஒரு நேர்ச்சாலையில் மிதிவண்டியை ஓட்டி, முன்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று கணக்கிட வேண்டும். பிறகு பந்தயப் பாதை முழுதும் அதே வண்டியில் சென்று சுற்றுகளை எண்ண வேண்டும். வெயில் ஏறினால் டயரின் காற்று விரிந்து சுற்றளவு மாறிவிடும். ஆகையால் முடிந்ததும் திரும்பிவந்து நேர்ச்சாலையில் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வளைவுகளில் சாலையின் நடுவே போகக் கூடாது. ஓட்டக்காரர் எவ்வளவு குறுக்கே வெட்டிப் போக முடியுமோ அவ்வளவு குறுகிய வழியிலேயே செல்ல வேண்டும். 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளரும் அவருடைய மகன் கிளைனும் முன்சக்கரத்தில் பொருத்தும் எண்ணி ஒன்றை உருவாக்கிய பின் வேலை எளிதாயிற்று. உலகெங்கும் சாலைப் பந்தயங்கள் இன்றும் இதே மிதிவண்டி முறையிலேயே அளக்கப்பட்டுச் சான்று பெறுகின்றன. இதிலும் தவறு நேர்ந்ததுண்டு. 1981இல் நியூயார்க்கில் ஆல்பெர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் நிகழ்த்திய உலகச் சாதனை, அந்தப் பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு என்று மறு அளவையில் தெரிந்ததால் செல்லாமற்போயிற்று. தம் ஊரின் பெருமையைத் தாமே அளந்து குறைத்துக்கொள்ளும் இந்த மனப்பான்மையை வேறெந்த விளையாட்டில் காண முடியும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வுலகின் கதவுகள் எல்லார்க்கும் திறந்திருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 1960களில் அமெரிக்க அமெச்சூர் தடகள ஒன்றியம் பெண்களுக்கு ஒன்றரை மைலுக்கு மேல் சாலைப் பந்தயம் அனுமதிக்கவில்லை. பாபி கிப் 1966இல் பாஸ்டன் தொடக்கக்கோட்டருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடினார். 1972இல் நியூயார்க் மாரத்தானில் பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டும் என்று ஒன்றியம் விதித்தது. துப்பாக்கி வெடித்ததும் ஆறு பெண்களும் கோட்டிலேயே அமர்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான வெடி கேட்டபின் எழுந்து அவர்களோடு ஓடினார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1970இல், இப்பந்தயம் தொடங்கியபோது ஓடிய 127 பேரில் முடித்தவர் 55 பேர்தாம். ஒரே ஒரு பெண் கலந்துகொண்டு, உடல்நலக் குறைவால் இடையில் விலகியிருந்தார்.

காயங்களின் பக்கம் வருவோம். 1966இல் கான்சாஸ் மாநிலத்தில் பாப் ஆண்டர்சன் என்ற பள்ளி மாணவர் 100 டாலர் முதலீட்டில் ஓர் இதழைத் தொடங்கினார். அது பின்னாளில் 'ரன்னர்ஸ் வேர்ல்டு' என்று பெயர் மாறியது. அதன் மருத்துவப் பகுதியை எழுதியவர் ஜார்ஜ் ஷீகன். நியூ ஜெர்சியில் இதயநோய் மருத்துவராக இருந்தவர். நாற்பதுகளின் நடுவில் மீண்டும் ஓடத் தொடங்கியவர். 'ஓய்வெடுங்கள், ஓடாதீர்கள்' என்ற ஒரே மருந்துச்சீட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். முழங்கால் வலியா, பாதம் தரையில் எப்படிப் பதிகிறது என்று பாருங்கள், காலணியைப் பாருங்கள், சாலையின் சரிவைப் பாருங்கள் என்பார் அவர். பாத வளைவுக்குத் தாங்கல் வைத்தே பலர் குணமடைந்ததாக எழுதினார்கள். பாதத்தையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கியது சற்று மிகை என்றுதான் நாம் கருதுகிறோம். ஆயினும் நோயாளியின் சொல்லை ஒரு மருத்துவர் சான்றாக எடுத்துக்கொண்டார் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

இந்த அறிவு வழிதவறிய இடமும் உண்டு. 1970களில் தாமஸ் பாஸ்லர் என்ற கலிஃபோர்னிய நோய்க்குறியியலாளர், புகைபிடிக்காமல் மாரத்தான் ஓடி முடிப்பவரை மாரடைப்பு அண்டாது என்று அறிவித்தார். கேட்க இனிமையான கருத்து ஆதலால் ஓட்டக்காரர்கள் அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பரப்பினார்கள். 1979இல் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் முதலியோர், மாரத்தான் ஓடியும் இதயத் தமனி நோயுற்றவர்களின் உடற்கூறாய்வுகளை வெளியிட்டு அதை மறுத்தார்கள். மறுப்புக்கு இனிமையின் வேகம் இல்லை. 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஓட்டத்துக்குப் போன ஜிம் ஃபிக்ஸ் 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். 1977இல் அவர் எழுதிய நூல் பத்து லட்சம் படிகளுக்குமேல் விற்று, எண்ணற்றோரைச் சாலைக்குக் கொண்டுவந்திருந்தது. அவருடைய தந்தை 43 வயதில் இதயநோயால் இறந்தவர். கென்னத் கூப்பர் இதயச் சோதனைக்கு அழைத்தும் ஃபிக்ஸ் செய்துகொள்ளவில்லை. உடற்கூறாய்வில் தமனிகளில் கடும் அடைப்பு இருந்தது. ஓட்டம் மனிதனைக் கொல்லும் என்று சிலர் எக்களித்தார்கள். 35 வயதுவரை நாளுக்கு இரண்டு பாக்கெட் புகைத்து, உடல் எடையும் மிகுந்திருந்த ஒருவருக்கு ஓட்டம் எத்தனை ஆண்டுகளைக் கூட்டிக்கொடுத்தது என்று கேட்டவர் சிலரே. அவர் தம் மைல்களை எழுதினார். நெஞ்சின் இறுக்கத்தை எழுதவில்லை. மற்றவர் நம்பிப் பின்பற்றும் எழுத்தில் விடப்பட்ட அந்த ஒரு வரியின் விலை பெரிது.

கார்பிட்டின் நாட்குறிப்புகளில் இப்படி இடைவெளி இல்லை. 1969இல் இங்கிலாந்தில் 100 மைலை 13 மணி 33 நிமிடம் 6 நொடியில் ஓடினார். 1973இல் ஒரே நாளில் 134 மைலுக்கு மேல். 1974இல் மூச்சுக்குழாய் ஆஸ்துமா வந்து போட்டி ஓட்டத்தை நிறுத்தியது. பிறரின் கால்களைப் பழக்கி நடக்கவைத்தே வாழ்ந்த அவர் தாமும் நடக்கத் தொடங்கினார். 2001இல், 82ஆம் வயதில், ஆறு நாள் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டு 303 மைல் நடந்தார். 2007 டிசம்பரில் காலமானார். அவருடைய தாள்களையும் பயிற்சிப் பதிவுகளையும் மகன் கேரி கார்பிட் தொகுத்து, ஓட்ட வரலாற்றில் ஆர்வமுள்ளோர் படிக்கும்படி ஆவணமாக்கி வருகிறார்.