உப்பளமும் ஆய்வுகூடமும்: இரசாயனக் கல்வியிற் செயற்றிட்ட முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் பற்றியே எழுதினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என இத்துறைமுகத்துக்காகப் போட்டியிட்டோரின் வரிசை நாம் அறிந்ததே. ஆயின், அதே கரையில் வாழ்ந்த பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்த கடலையும் மணலையும் உப்பையும் பாடசாலையில் எவ்வாறு கற்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. இடைநிலைப் பாடசாலைகளில் இரசாயனவியலைச் செயற்றிட்டங்கள் வாயிலாகக் கற்பித்தல் என்னும் கருத்து இந்நாட்டிற் கடந்துவந்த பாதையை, இம்மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருத்து புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் இரசாயனவியலாளர் ஆம்ஸ்ரோங், மாணாக்கன் தானே கண்டறிபவனாக நிற்றல் வேண்டுமென வலியுறுத்தினார். யோன் டூயியின் சிந்தனையைப் பின்பற்றிய கில்பற்றிக் 1918இல் ‘செயற்றிட்ட முறை’ என்ற பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். 1937இல் காந்தியடிகள் வார்தாவில் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். இலங்கையிலும் 1930களில் ஹந்தெஸ்ஸவில் உருவான கிராமியக் கல்வித் திட்டம், பிள்ளையின் சூழலிலிருந்தே பாடத்தைத் தொடங்க முயன்றது.

தமிழ் மாணாக்கரைப் பொறுத்தவரை, முறைக்கு முன்னர் மொழி பற்றிய வினாவே எழுந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி மருத்துவர் கிறீன், தமிழில் அறிவியல் நூல்களை வெளிக்கொணரும் பணியைத் தொடக்கிவைத்தார். அம்முயற்சியின் பேறாக 1875இல் ‘கெமிஸ்தம்’ வெளிவந்தது. விபுலாநந்த அடிகள் துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். இராமகிருஷ்ண மிஷனின் சார்பிலே திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சியில் பங்கு கொண்டவர். 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இம்முயற்சிகளும் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் சேர்ந்தே, இடைநிலை வகுப்பில் இரசாயனவியலைத் தாய்மொழியிற் கற்பிக்க வழி செய்தன. பிள்ளைக்கு மொழி கிடைத்துவிட்டது. அம்மொழியைக் கொண்டு தன் ஊரை ஆராயும் வாய்ப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அவ்வாய்ப்புக்கு மிக அண்மையில் வந்தது 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தமாகும். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை ஒன்றிணைந்த விஞ்ஞானம் யாவர்க்கும் கட்டாய பாடமாயிற்று. அதனுடன் தொழின்முன்னிலைப் பாடங்களும் புகுத்தப்பட்டன. பாடசாலையைச் சூழ்ந்த பகுதியில் வழங்கும் தொழிலொன்றை மாணாக்கர் நேரிற் கண்டு, அதன் மூலப்பொருள், கருவி, சந்தை ஆகியவற்றைக் கற்றல் வேண்டும் என்பது இப்பாடங்களின் அடிப்படை.

இந்நோக்கத்துக்குத் திருகோணமலையைப் போல வாய்ப்பான மாவட்டம் வேறு காண்பதரிது. நிலாவெளி உப்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. வெயிலில் நீர் ஆவியாகுங்கால் அவை யாவும் ஒருங்கே படிவதில்லை. முதலில் கல்சியங் காபனேற்றும், நீர் ஐந்திலொரு பங்களவு ஆனதும் கல்சியஞ் சல்பேற்றும், பத்திலொரு பங்களவு ஆனபோது சோடியங் குளோரைட்டும் படிகின்றன. மகனீசிய உப்புகள் எஞ்சிய கசப்பு நீரிலே தங்குகின்றன. ஆதலாலேயே உப்பளத்தார் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுகின்றனர். உரிய வேளையிற் கசப்பு நீரை வடித்து நீக்குகின்றனர். மாரிக் காலத்தில் வீட்டு உப்பு ஏன் கசிகிறது என்று ஒரு மாணாக்கன் வினவுவானாயின், அவ்வினாவே மகனீசியங் குளோரைட்டிடமும், கரைதிறனிடமும், பகுபடிகமாக்கலிடமும் அவனை இட்டுச் செல்லும். அடர்த்திமானி ஒன்றும் சில கண்ணாடிக் கலங்களும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் ஒரு தவணைக் காலமும் இருப்பின் இச்செயற்றிட்டம் நிறைவேறும். புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் மணல்களும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இவ்வாறே வினாக்களைத் தாங்கி நிற்கின்றன. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட பின்னரும் இல்மனைற்று பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகி வந்தது. அதிலுள்ள தைத்தானியம் வெண்ணிறப் பூச்சுக்கு ஆதாரமாகும் முறையை அறிதல் இரசாயனமும் பொருளியலும் சேர்ந்த பாடமாகும்.

எனினும் 1972ஆம் ஆண்டின் திட்டம் நிலைக்கவில்லை. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. அரசியலே இதற்குக் காரணமென்று கூறி அமைதல் பொருந்தாது. விஞ்ஞானம் ஒரு பாடவேளையிலும் தொழில் வேறொரு பாடவேளையிலும் கற்பிக்கப்பட்டன. ஒன்று ஆய்வுகூடத்துக்கும் மற்றையது பட்டறைக்கும் உரியதெனக் கருதப்பட்டமையால், உப்பளத்தைக் கண்டுவந்த பிள்ளை தான் கண்டதை இரசாயனவியலோடு இணைக்க வழியின்றி நின்றது. தொழிற்பாடம் தாழ்ந்தோர்க்குரியது என்ற எண்ணமும் பெற்றோரிடையே வேரூன்றியிருந்தது. அவர்களை மட்டும் குறைகூறுதல் முறையன்று. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் புகுந்த அக்காலத்தில், ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமாக எண்ணப்பட்டது. புள்ளி தராத முயற்சியிற் பிள்ளையின் நேரத்தைச் செலவிட எப்பெற்றோர் இசைவர்?

பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த போர், கடலையும் கரையையும் தடைசெய்யப்பட்ட இடங்களாக்கியது. கள ஆய்வு என்ற சொல்லே அச்சத்துக்குரியதாயிற்று. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் ஐந்து கட்டக் கற்பித்தல் மாதிரியும் அறிமுகமாயின. கண்டறிதல் மீண்டும் ஆசிரியர் கைந்நூல்களில் இடம்பெற்றது. ஆயினும் தேசியப் பரீட்சை வினாத்தாள் கேட்பதையே வகுப்பறை கற்பிக்கும் என்பது நமது கல்வி வரலாறு மீண்டும் மீண்டும் காட்டும் உண்மையாகும்.

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். செயற்றிட்டம் இரசாயனப் பாடத்துக்குப் புறம்பான சேர்க்கையாக அன்றி, அப்பாடத்தின் உள்ளேயே அமைதல் வேண்டும். அதற்குரிய புள்ளி பரீட்சையிலும் வழங்கப்படல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறாதவரை, உப்பளத்தருகே வாழும் பிள்ளை சோடியங் குளோரைட்டின் குறியீட்டை மனனஞ் செய்யுமேயன்றி, தன் ஊரார் காலங்காலமாகச் செய்துவரும் இரசாயனத்தை அறியாமலே பாடசாலையை விட்டு நீங்கும்.